மெத்தை லாரியும் குட்டி ரயிலும்

என் கணவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஸ்டேஷன் மாஸ்டர். அவர் எந்த ஸ்டேஷனிலும் வேலை பார்க்கவில்லை. லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க செங்குத்தாக ஏறி இறங்குகிற மனிதருக்கு, வீட்டுக்கு வந்ததும் வளைந்து வளைந்து ஏறுகிற ஆசை வந்துவிடும். கைகால் கழுவிவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தால் போதும், சாப்பிடக் கூப்பிட மூன்று தடவை தொண்டை கிழியக் கத்த வேண்டும்.

மூன்று வருடமாக அவர் அந்தப் பெட்டிக்குள் ஒரு ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் மலையில் ஓடுகிற குட்டி ரயிலின் பாதை. தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டரை அடிதான் இருக்கும். நேரோ கேஜ் என்பார்கள். மொத்தம் பதினெட்டு கிலோமீட்டர். அதை அச்சு அசலாக, சிமுலேட்டர் என்கிற ரயில் ஓட்டும் விளையாட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு வைராக்கியம். விடுமுறை வந்தால் டேப்பைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போவார். கைகாட்டிக் கம்பம், அதாவது ரயில் சிக்னல், எத்தனை அடி, சரக்குக் கொட்டகைச் சுவர் தண்டவாளத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, வளைவு எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று அளந்து நோட்டில் குறித்துக்கொண்டு வருவார். எங்கள் கல்யாண நாளை அந்த நோட்டில் தேடினால் கிடைக்காது.

இன்ஜினின் கரித்தொட்டியில் கிடக்கிற நிலக்கரியைக் கட்டி கட்டியாகச் செய்தார். நானூற்றிருபது கட்டி. ஒரு மாதம் அதற்கே போயிற்று. "ரெண்டு கட்டியைச் செஞ்சுட்டு மீதியை அதே மாதிரி போட்டா என்ன குடி முழுகிடும்?" என்று கேட்டேன். சாமி சிலையைக் காலால் தள்ளியவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

அவருக்குத் தூபம் போடுவதற்கென்றே எனக்கு ஒரு தம்பி. அந்தக் குட்டி ரயிலின் நிஜமான டிரைவர். மாமனும் மச்சானும் உட்கார்ந்து விசில் சத்தம் சரியா, பிரேக் சத்தம் சரியா என்று விவாதம் செய்தால் நாட்டையே ஆளப்போகிறார்கள் என்று தோன்றும். நான் சலவைக் கடை நடத்துகிறவள். எனக்கு அழுக்கு போனதா இல்லையா என்பதுதான் கேள்வி. இவர்கள் பேச்சு எனக்கு வெட்டி அரட்டையாகவே பட்டது. அதை ஒளித்துப் பேசும் பழக்கமும் எனக்கில்லை.

விபத்து நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல். மலையிலிருந்து இறங்கி வந்த தம்பியின் வண்டி, அடிவார ஸ்டேஷனுக்கு முன்னால் இருக்கிற கைகாட்டியைத் தாண்டி, திறந்திருந்த ரயில்வே கேட்டுக்குள் புகுந்து, குறுக்கே போய்க்கொண்டிருந்த லாரியின் பின்பக்கத்தில் மோதியது. லாரி நிறைய மெத்தை. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. தெரு முழுக்க மெத்தை விரிந்து கிடந்தது.

தம்பிக்கு இரண்டு மாதக் குழந்தை. அது ராத்திரி பூரா வீல் வீலென்று கத்துவது தெருவுக்கே தெரியும். அதனால் விசாரணைக்கெல்லாம் காத்திருக்காமல் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது: டிரைவர் தூங்கிவிட்டான். "பாவம், தூக்கம் கண்ணைச் சொருகியிருக்கும். மெத்தையைப் பாத்ததும் வண்டியை அந்தப் பக்கம் விட்டுட்டான்" என்று தையல்கடைக்காரர் என் கடையில் நின்றுகொண்டு என்னிடமே சொல்லிச் சிரித்தார். அவர் வெளுக்கக் கொண்டுவந்த போர்வையை அவர் தலையிலேயே போட்டு அனுப்பினேன்.

தம்பியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை விசாரணை. தூங்கினான் என்று முடிவானால் அவன் ஆயுசுக்கும் இன்ஜினில் கால் வைக்க முடியாது. அவனுக்கோ வேறு ஒரு வேலையும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் பிடிக்காது.

வெள்ளிக்கிழமை வந்து என் கடையில் இஸ்திரி மேஜை ஓரமாக உட்கார்ந்தான். முகம் பேயறைந்தாற்போல் இருந்தது.

"அக்கா, உண்மையிலேயே நான் தூங்கிட்டேனோ?"

"வாயை மூடுடா."

"சிவப்பு தெரியலக்கா. கைகாட்டி நீட்டித்தான் இருந்துச்சுன்னு கேட்கீப்பர் அடிச்சுச் சொல்றார். பொய் சொல்ற ஆளு இல்ல அவரு. அப்போ நான் எங்க பாத்துக்கிட்டிருந்தேன்?"

விஷயத்தை அன்றுதான் அவன் எனக்கு முழுசாகச் சொன்னான். மலை உச்சியில் இன்ஜினைத் திருப்ப இடம் கிடையாது. அதனால் இறங்கும்போது இன்ஜின் பின்பக்கமாகத்தான் வரும். கரித்தொட்டி முன்னால் நிற்கும், டிரைவர் அதற்கு மேலாகப் பார்த்து ஓட்டுவார். அடிவாரக் கைகாட்டி ஒரே ஓர் இடத்திலிருந்துதான் கண்ணில் படும். பாறை வளைவைத் தாண்டியதும் பதினோரு நொடி. பிறகு சரக்குக் கொட்டகைச் சுவர் மறைத்துவிடும். மறுபடி தெரிகிறபோது பிரேக் போட்டுப் பிரயோஜனமில்லை. இதில் இன்னொரு கூத்து. கை நீட்டியிருந்தால், அதாவது நில் என்றால், அந்தப் பதினோரு நொடியில் சிவப்பு பளிச்சென்று தெரியும். போகலாம் என்று கை தாழ்ந்திருந்தால் புதரோடு புதராகிவிடும், ஒன்றுமே தெரியாது. ஆகவே டிரைவர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது: சிவப்பு தெரியவில்லையா, போய்க்கொண்டே இரு. எல்லோரும் வருடக்கணக்காக அப்படித்தான் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"நான் பாத்தேன், தெரியல, இறங்கினேன். அவ்வளவுதான் ஞாபகம் இருக்கு" என்றான். "கரி அள்ளிப் போடற ஃபயர்மேன் அந்தப் பக்கம் கைபிரேக்கைப் பிடிச்சுக்கிட்டிருந்தார். அவருக்கு அந்தக் கைகாட்டி தெரியவே தெரியாது."

என் மூளைக்கு ஒரு யோசனை வந்தது. வீட்டில்தான் ஒருவர் மூன்று வருடமாக அந்தக் கைகாட்டியை, பாறையை, சுவரை அளந்து அளந்து வைத்திருக்கிறாரே! முதல் தடவையாக அந்தப் பெட்டியின் மேல் எனக்கு மரியாதை வந்தது.

சனிக்கிழமை காலையில் தம்பியை நாற்காலியில் உட்காரவைத்தோம். என் கணவர் வண்டியைப் பாறை வளைவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். கைகாட்டியைச் சிவப்பில் போட்டார். "விடு மாப்ள" என்றார். வண்டி இறங்கியது. பாறை விலகியது. சிவப்புக் கை அங்கே நீட்டிக்கொண்டு நின்றது. என் கண்ணுக்கே தெரிந்தது. கண்ணாடி போடாமலே தெரிந்தது. பதினோரு நொடியும் தெரிந்தது.

என் கணவருக்கு மனிதர்கள் முகத்தைப் படிக்கிற சாமர்த்தியம் கொஞ்சம் குறைவு. "பாத்தியா, ஒரு அங்குலம் பிசகல!" என்று பெருமையாகத் திரும்பினார். தம்பி எழுந்துவிட்டான்.

"சரி மாமா. இது போதும். தூங்கிட்டேன்னு திங்கக்கிழமை நானே எழுதிக் குடுத்துடறேன். இன்னொரு நாள் இதே மாதிரி ஆகி, லாரியில மெத்தைக்குப் பதிலா ஆளுங்க இருந்தா?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போகிற வரைக்கும் பொறுத்திருந்தேன். அப்புறம் பிடித்தேன் பாருங்கள் ஸ்டேஷன் மாஸ்டரை. "மூணு வருஷம் உக்காந்து என் தம்பி பிழைப்புல மண்ணை அள்ளிப் போட்டிருக்கீங்க! அளந்தது போதாதுன்னு பெருமை வேற!" அவர் குனிந்து நோட்டைப் பிரித்தார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கதவை அறைந்து சாத்திவிட்டுக் கடைக்குப் போனேன்.

கடையில் கோபத்துக்கு வழி உண்டு. துணியைப் பிடித்துத் தேய்க்கலாம். மூன்று நாளாக ஒரு வாளியில் தம்பியின் சட்டை ஊறிக்கொண்டிருந்தது. விபத்தன்று போட்டிருந்த சட்டை. இரண்டு தடவை அலசியும் கறை போகவில்லை. அதை எடுத்துக் கல்லில் விரித்துத் தேய்க்க ஆரம்பித்தேன். தேய்க்கத் தேய்க்கத் தண்ணீர் மையாக ஓடியது. பையைத் திருப்பினால் ஒரு பிடி கரித்தூள்.

கை நின்றுவிட்டது.

ஆறு வருடமாக அவன் சட்டையைத் துவைப்பவள் நான். வழக்கமாகக் கறை இருப்பது கைமடிப்பில், வலது தோளில், போனால் போகிறது என்று முதுகில் கொஞ்சம். முன்பக்கம் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். இந்தச் சட்டையில் கழுத்துப் பட்டியிலிருந்து வயிறு வரைக்கும் ஒரே கரி. ஒரு மூட்டைக் கரியை எதிரே நின்று யாரோ இவன் மேல் உதறியது மாதிரி.

எதிரே இருந்தது என்ன? கரித்தொட்டி.

கடையை அப்படியே சாத்தினேன். வாளியோடு சட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வழியெல்லாம் கறுப்புத் தண்ணீர் சொட்டியது. தையல்கடைக்காரர் ஏதோ கேட்க வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு ஊசியில் நூல் கோர்க்கப் போய்விட்டார்.

வீட்டில் அவர் நான் விட்டுவிட்டுப் போன இடத்திலேயே உட்கார்ந்து, நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு அளவையும் சரிபார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடவில்லை. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது; அதைக் காட்டிக்கொள்ள நேரமில்லை.

"வண்டியை வெளியிலேர்ந்து காட்டுங்க."

ஒரு பொத்தானைத் தட்டினார். திரையில் இன்ஜின் முழுசாகத் தெரிந்தது. தொட்டியில் நானூற்றிருபது கட்டிக் கரியும் குவிந்து பளபளத்தது.

"இப்போ டிரைவர் உக்கார்ற இடத்துக்குப் போங்க."

தட்டினார். ஜன்னல், பிரேக் பிடி, தொட்டியின் விளிம்பு, அதற்கு அப்பால் தண்டவாளம்.

"கரி எங்கங்க?"

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று.

"உள்ள உக்காந்து பாக்கறப்போ அதை மறைச்சு வெச்சிருக்கேன்மா" என்றார் மெதுவாக. "அத்தனை கட்டியையும் காட்டினா கம்ப்யூட்டர் தாங்கல. வளைவுல படம் நின்னு நின்னு போச்சு. டிரைவர் பாதையைத்தானே பாப்பார், கரியையா பாக்கப்போறார்னு…"

"அடப்பாவி மனுஷா! ஒரு மாசம் கட்டி கட்டியா செஞ்சீங்களே!"

"வெளியிலேர்ந்து பாக்கறவங்களுக்காகத்தான்" என்றார்.

தம்பியை போனில் பிடித்தேன். செவ்வாய்க்கிழமை கரி எங்கே ஏற்றினார்கள் என்று கேட்டேன்.

"மேலதான். கீழ கரி ஏத்தற மெஷின் திங்கக்கிழமையே படுத்துடுச்சு. ஏன்க்கா?"

"எவ்வளவு ஏத்தினாங்க?"

"மறுநாளைக்கும் சேத்து. கொள்ளலன்னு சுத்திப் பலகை வெச்சுக் குமிச்சாங்க. பலகைக்கு மேல ஒரு சாண் இருக்கும். ஏன்க்கா?"

வழக்கமாகக் கீழே ஏற்றுகிற கரி மேலே போவதற்குள் பாதிக்கு மேல் எரிந்துவிடும். அடியில் கிடக்கிற மிச்சக் கரியோடுதான் இறங்குவார்கள். கரியை மலைமேல் குவித்துக்கொண்டு இறங்கியது அன்றைக்குத்தான் முதல் தடவை. "கிளம்பி வா" என்று மட்டும் சொன்னேன்.

அவன் வருவதற்குள் ஸ்டேஷன் மாஸ்டர் தொட்டிக்குப் பலகை வைத்து, கரியை ஒரு சாண் உயர்த்தி, மறைத்து வைத்ததையெல்லாம் உள்ளே கொண்டுவந்துவிட்டார். கணினி மூச்சு வாங்கியது. வண்டி தவளை மாதிரி தத்தித் தத்தி இறங்கியது. வழி நெடுகப் பாதை நன்றாகவே தெரிந்தது. கரி ஓர் ஓரமாகக் கிடந்தது, கண்ணை உறுத்தவில்லை. பாறை வளைவு வந்தது. வண்டி திரும்பியது. கைகாட்டி நிற்க வேண்டிய இடத்தில் கரிக்குவியலின் மூலை வந்து உட்கார்ந்துகொண்டது. கொட்டகைச் சுவர் வரும்வரை நகரவே இல்லை.

"இன்னொரு தடவை" என்றான் தம்பி. ஏழு தடவை ஓட்டினான். ஏழு தடவையும் சிவப்பு தெரியவில்லை. நான் ஈர வாளிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கினால் உடம்பு இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது.

திங்கட்கிழமை விசாரணை அதிகாரி, கறாரான அம்மா, எங்கள் கதையைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விளையாட்டு சாமானைச் சாட்சின்னு ஃபைல்ல வைக்க முடியாது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "ஆனா இன்ஜினும் கரியும் நம்மகிட்ட இருக்கே. ஏத்திப் பாத்துடலாம்."

புதன்கிழமை காலை. முதலில் வழக்கம்போல் தொட்டியின் அடியில் மட்டும் கரி கிடந்தது. வேறு ஒரு டிரைவர் பக்கத்தில் நின்றபடி வண்டியை ஓட்ட, அந்த அம்மா டிரைவர் இடத்தில் உட்கார்ந்தார். சிவப்பு தெரிந்தால் ஜன்னல் வழியே துண்டை ஆட்டுவார். துண்டு என் கடையில் வெளுத்தது. கேட்கீப்பரிடம், "கையை நீட்டறீங்களா, தாழ்த்தறீங்களான்னு என்கிட்ட சொல்லாதீங்க. உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுத்தான் மலையேறினார். எது எப்படியானாலும் கொட்டகைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட வேண்டும் என்பது டிரைவருக்கு உத்தரவு.

நாங்கள் மூவரும் பாறைக்கு எதிரே மேட்டில் நின்றோம். அங்கிருந்து வண்டியும் தெரியும், கைகாட்டியும் தெரியும். கை நீட்டியிருந்தது. வண்டி வளைவைத் தாண்டியது. என் கணவர் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுவதற்குள் வெள்ளைத் துண்டு வெளியே வந்து ஆடியது.

அடுத்தது குவித்த கரி. வண்டி மேலே போய்த் திரும்ப நேரம் பிடித்தது. தம்பி பெண்டாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, "என்ன ஆச்சு அண்ணி?" என்றாள். "பேசாம இரு" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வண்டி வந்தது. ஒன்று. இரண்டு. கைகாட்டி அசையாமல் சிவப்பாக நின்றது. ஐந்து. ஆறு. ஜன்னல் வழியே எதுவும் வரவில்லை. ஒன்பது. பத்து. பதினொன்று. கொட்டகைச் சுவர் வந்து எல்லாவற்றையும் மறைத்தது. வண்டி நின்றது.

நாங்கள் ஓடினோம். அந்த அம்மா இறங்கிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் கரி, கழுத்துப் பட்டியிலிருந்து இடுப்பு வரைக்கும் கரி. மடித்த துண்டு இன்னும் கையிலேயே இருந்தது.

கேட்கீப்பரைப் பார்த்து, "ரெண்டாவது தடவை கையைத் தாழ்த்திட்டீங்க, அப்படித்தானே?" என்றார்.

"இல்ல மேடம். நான் தொடவே இல்ல. நீட்டினது நீட்டினபடிதான் இருக்கு."

அந்த அம்மா கொட்டகையைச் சுற்றி நடந்துபோய், கைகாட்டியைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தார். பிறகு தம்பியிடம், "நான் நல்லா முழிச்சுக்கிட்டுத்தான்யா இருந்தேன்" என்றார். தம்பி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். என் ஸ்டேஷன் மாஸ்டர் எங்கள் பக்கம் பார்க்காமல் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

முழுசாக விட்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. சிவப்பு தெரியாவிட்டால் போகலாம் என்கிற எழுதாத சட்டத்துக்காகத் தம்பிக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மற்ற டிரைவர்களுக்கும் அதே கடிதம்தான். கைகாட்டியை உயரமான இடத்துக்கு மாற்றவும், தொட்டி விளிம்புக்கு மேல் கரி குவிக்கக் கூடாதென்றும் உத்தரவு போட்டார்கள். திங்கட்கிழமை முதல் தம்பி மறுபடி இன்ஜின் ஏறலாம்.

கடிதம் கிடைத்த அன்று பிற்பகல் அவன் அதை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். நான்கு தடவை படித்துக் காட்டினான். "வா மாப்ள, கரியோட ஓடுது இப்போ. தத்தறதை எல்லாம் குறைச்சுட்டேன்" என்று இவர் அவனை நாற்காலியில் உட்காரவைத்தார். நான் டீ போடப் போனேன்.

டம்ளரோடு திரும்பி வந்தபோது தம்பியின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. திரையில் வண்டி பாறை வளைவைத் தாண்டிக்கொண்டிருந்தது.

என் கணவர் பதறிப்போய் பிரேக்குக்குக் கை நீட்டினார். அந்த இன்ஜினில் ஒரு கீறல் விழுந்தால் அவருக்குத் தாங்காது. "நான் நிறுத்திடட்டுமா?" என்று காதோடு கேட்டார்.

"தொட்டீங்கன்னா தெரியும் சேதி. பிரேக் சத்தத்துல எழுந்துடுவான்."

கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வண்டி கொட்டகையைத் தாண்டி, சிவப்பைத் தாண்டி, கேட்டுக்குள் தன்பாட்டுக்குப் போனது. தம்பி குறட்டை விட ஆரம்பித்தான். வெளுத்து மடித்து வைத்திருந்த போர்வை ஒன்றை எடுத்து அவன் மேல் போர்த்தினேன்.

ஊரில் எவன் வேண்டுமானாலும் வந்து பார்க்கட்டும். என் தம்பி ரயில் ஓட்டிக்கொண்டே தூங்குகிறான்.